செயலி தெரிதல்

யாம் தமிழ் பயில்வோர். பொறியியல் எமக்குத் தொழிலன்று. ஆயினும், வீட்டுக் கணிப்பொறியை உறுப்புறுப்பாக வாங்கித் தாமே பூட்ட விரும்பும் மாணவ நண்பர் பலர் எம் ஆரணி நகரில் உளர். அவர்தம் பெற்றோருட் பலர் பட்டுத்தறியில் அமர்ந்து பொருளீட்டுவோர். பல மாதம் கைவருந்தி ஈட்டிய அப்பொருளிற் பெரும்பகுதி, செயலி என்னும் ஓர் உறுப்பிற்கே சென்றொழிதல் தகுமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நெசவாளர் மக்கட்குக் கணிப்பொறி அயற்பொருளன்று. 1804-ஆம் ஆண்டளவில் பிரான்சு தேயத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பார், துளையிட்ட அட்டைகளால் இழைகளை உயர்த்தும் பொறியை அமைத்தார். துளையுள்ளவிடத்து ஊசி நுழையும், அதற்குரிய இழை எழும், துளையில்லாவிடத்து எழாது. அவ்வட்டை முறையையே ஆங்கில அறிஞர் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தாம் கருதிய கணக்குப் பொறிக்கு மேற்கொண்டார். 1971-இல் இன்டெல் நிறுவனத்தார் வெளியிட்ட 4004 என்னும் செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இக்காலத்துச் செயலியிலோ அவை பல நூறு கோடியாம்.

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். செயலி தெரிவார்க்கும் இம்மூன்றும் அமையும் என்பது எம் துணிபு.

முதற்கண் வலி. கடைக்காரர் ஐ3, ஐ5, ஐ7 என்றும், ரைசன் 5, ரைசன் 7 என்றும் எண் கூறி விற்பர். எண் பெரிதாயின் பொறியும் சிறந்தது என மயங்கற்க. பழைய தலைமுறை ஐ7 ஒன்றினும் புதிய தலைமுறை ஐ3 விரைந்து தொழிற்படுதல் உண்டு. கட்டுரை எழுதுதற்கும், நூல் படித்தற்கும், வகுப்புரை கேட்டற்கும் நான்கு கோர்கள் சாலும். சேலைக்குப் புட்டாவும் முந்தானையும் வரைவார்க்கு ஆறு கோர்களும் 16 ஜி.பி. நினைவகமும் போதியன. அதனினும் மிக்கவை திரைப்படம் தொகுப்பார்க்கும் முப்பரிமாண உருவம் சமைப்பார்க்குமே வேண்டுவன. இன்டெல் செயலிகளுட் பெயரிறுதியில் ‘எஃப்’ பெற்றவை திரையிற் படங்காட்டும் உறுப்பு இல்லாதன. மலிவென்று அவற்றைக் கொண்டார், வரைகலை அட்டையைத் தனியே வாங்க நேரும்.

இரண்டாவது காலம். செயலி பொருந்தும் வாய் தாய்ப்பலகையில் உளது; அவ்வாய் எத்துணைக் காலம் நிலைக்கும் என்று வினவுதல் வேண்டும். 2017-இல் முதல் ரைசன் செயலிகளை ஏற்ற ஏ.எம்.4 என்னும் வாய், 2020-இல் வந்த 5000 வரிசையையும் ஏற்றது. பழைய பலகைகட்கு உள்மென்பொருளைப் புதுப்பித்தல் மட்டும் வேண்டியிருந்தது. 2022-இல் ஏ.எம்.5 தோன்றிற்று. நெடுநாள் நிலைக்கும் வாயுடைய பலகையைத் தேர்ந்து, இன்று சிறு செயலி பூட்டிப் பின்னர்ப் பெரியது பூட்டலாம். தறியை மாற்றாது அட்டையை மாற்றிப் புதுச் சித்திரம் நெய்வது நம்மவர்க்குப் பழகிய முறையன்றோ?

மூன்றாவது இடம். சித்திரை வெயிலில் தறியும் மேசையும் ஓரறையில் இருக்கும் வீடுகள் நம்முடையன. இழைத்துகள் விசிறியில் அடையும். மின்சாரமும் இடையிடையே நிற்கும். 65 வாட் அளவினதாகிய செயலியே இவ்விடத்திற்கு ஏற்றது. இன்டெல் ‘கே’ வகையுட் பல 125 வாட் அளவின; அண்மைத் தலைமுறைகளில் அவற்றோடு விசிறியும் வாராது. செயலியிற் குறைத்த பொருளை எஸ்.எஸ்.டி.க்கும் யு.பி.எஸ்.க்கும் செலவிடுதல் அறிவுடைமை.

‘வாங்குவது ஒருமுறை, உயர்ந்ததையே வாங்குக’ என்பார் உளர். இன்று உயர்ந்தது சில ஆண்டில் இடைத்தரமாம். அதன்பொருட்டு வாங்கிய கடனோ வட்டியால் வளரும். நம் மாணவர் விளம்பரத்தைக் கேளாது, தம் வேலையைக் கேட்டுச் செயலியைத் தெரிக. பெற்றோர் கைவருத்தம் அறிந்து செலவிடுதலும் கல்வியின் பயன்களுள் ஒன்றென்பது எம் கருத்து.