ஹெம்ப் பயிருக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: ஐயா, வீராணம் பாசனத்தில் எனக்கு 3 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. வெளியூர் ஆட்கள் வந்து, "கஞ்சாவை அரசு அனுமதித்துவிட்டது, நாருக்கும் விதைக்கும் ஹெம்ப் ரகம் போட்டால் நெல்லைவிட நாலு பங்கு வருமானம்" என்கிறார்கள். விதைக்கு ஏக்கருக்கு 20,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
- குமராட்சி வட்டார வாசகர்

பதில்: கட்ட வேண்டாம். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

ஹெம்ப் என்பது வேறு செடி அல்ல, கஞ்சாச் செடியேதான். போதை தரும் டி.ஹெச்.சி. என்ற பொருள் குறைவாக உள்ள ரகங்களை அப்படி அழைக்கிறார்கள். பல நாடுகளில் 0.3 சதவீதம்தான் எல்லை. நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றம். 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தின் 14வது பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பது உண்மைதான்: நாருக்காகவோ விதைக்காகவோ பயிரிட அரசு ஆணை போட்டு அனுமதிக்கலாம். உத்தராகண்ட் அரசு 2018இல் இப்படி உரிமம் கொடுத்தது. இமாச்சலப் பிரதேசம் 2025இல் சோதனைச் சாகுபடிக்கு ஒப்புதல் தந்தது. உங்களுக்குக் காட்டும் வீடியோக்கள் பெரும்பாலும் அந்த மலை மாநிலங்களில் எடுத்தவையாக இருக்கும். அங்கே கொடுத்த உரிமம் குமராட்சிக்குச் செல்லாது. ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவை உணவாக விற்க 2021இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. அது கடையில் விற்பதற்கான அனுமதி, வயலில் விதைப்பதற்கானது அல்ல.

வந்தவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "தமிழக அரசு ஆணையின் எண் என்ன, என் சர்வே எண்ணுக்கு உரிமம் எங்கே?" அதைக் காட்டாமல் போட்ட ஒப்பந்தம் சட்டத்துக்கு மாறானது, ஆகவே செல்லாது. விளைச்சலை அவர்கள் எடுக்காமல் போனாலும் நீங்கள் கோர்ட்டுக்குப் போக முடியாது. வழக்கு வந்தால் முதலில் தேடப்படுவது பட்டாதாரர்தான்.

நாளைக்கே அனுமதி வந்தாலும் நம் மண்ணுக்கு இது ஏற்ற பயிரா என்பது எனக்குச் சந்தேகம். கஞ்சா பகல் குறையும்போது பூக்கும் செடி. உத்தராகண்டில் ஜூன் மாதப் பகல் 14 மணி நேரம். சிதம்பரத்தில் எந்த மாதத்திலும் 13 மணியைத் தொடாது. வடக்கத்தி நார் ரகங்களை இங்கே விதைத்தால் உயரம் பிடிக்கும் முன்பே பூத்துவிடும். நாருக்கு வேண்டிய தண்டு கிடைக்காது. தண்ணீர் தேங்கினால் வேர் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் நம் களிமண் வயல்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகரந்தம் காற்றில் பரவும் செடி என்பதால் ரகமும் கலந்துபோகும். டி.ஹெச்.சி. எல்லையைத் தாண்டினால் பயிரை அழிக்கத்தான் வேண்டும்.

விலையும் அப்படியே. அமெரிக்காவில் 2018இல் ஹெம்ப் சாகுபடியை அனுமதித்ததும் எல்லோரும் போட்டார்கள். ஓரிரு ஆண்டிலேயே சரக்கு தேங்கி விலை சரிந்தது. தாய்லாந்து 2022இல் கஞ்சாவைப் போதைப்பட்டியலிலிருந்து நீக்கியது, 2025இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது. நடுவில் முதல் போட்டவர் கதி என்ன?

மருந்துக்கும் நாருக்கும் இந்தச் செடியை ஆராய வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. அதை அரசுப் பண்ணையில் செய்யட்டும், உங்கள் 3 ஏக்கரில் வேண்டாம். பிள்ளைகள் கையில் கஞ்சாப் பொட்டலம் சேரும் ஊர்களில் வேலை பார்ப்பவன் என்பதால், "விவசாயிக்கு வருமானம்" என்று சொல்லிப் போதைக்கும் சேர்த்து வழி கேட்பவர்கள் மேல் எனக்கு எரிச்சல் உண்டு.

கேள்வி: வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்த செடி கஞ்சா போலத் தெரிகிறது. பிடுங்கிப் போடலாமா?
- புவனகிரி வாசகர்

பதில்: முதலில் இலையைப் பாருங்கள். புளிச்சைச் செடியின் இலையும் தூரத்தில் அப்படித்தான் தெரியும். அது ஒரே இலை ஆழமாகப் பிளந்தது. பூ வெளிர் மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. கஞ்சாவில் ஒரே காம்பில் 5, 7 என்று தனித்தனிச் சிற்றிலைகள், விளிம்பில் வாள் பல். கஞ்சாதான் என்றால் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள், கையில் வைத்திருப்பதும் குற்றம். கிராம நிர்வாக அலுவலருக்கோ காவல் நிலையத்துக்கோ உடனே சொல்லுங்கள். தன் நிலத்தில் சட்டவிரோதமாகக் கஞ்சா வளர்வது தெரிந்தும் சொல்லாத நிலக்காரருக்குச் சட்டத்தின் 46வது பிரிவில் தண்டனை உண்டு. சொன்ன நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

கேள்வி: பசுந்தாள் விதைப் பையில் "சன்ஹெம்ப்" என்று போட்டிருக்கிறது. பயமாக இருக்கிறது.
- காட்டுமன்னார்கோயில் வாசகர்

பதில்: அது நம் சணப்பு. மஞ்சள் பூ பூக்கும் பயறு வகைச் செடி, கஞ்சாவுக்கு உறவே இல்லை. தைரியமாக விதையுங்கள். தண்ணீர் நிற்கும் வயலென்றால் சணப்பு வேண்டாம், தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ போட்டு, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள்.