மறுமுனையில் ஆள் இல்லை

சுவருக்குள் புதைத்த பைப்பில் வயர் இழுப்பதை வேடிக்கை பார்க்கிறவர்கள் இழுக்கிறவரைத்தான் பார்ப்பார்கள். ஏணிமேல் நின்று, கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒரு காலைச் சுவரில் ஊன்றி அவர் இழுக்கிற இழுப்பு அப்படி. ஆனால் வேலையின் நுணுக்கம் அடுத்த அறையில், சுவிட்ச் பாக்ஸ் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் ஹெல்பரிடம் இருக்கிறது. சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடாமல் விரலிடுக்கில் பிரித்துப் பிடித்து, மேலே இழுக்கிற அதே நொடியில் உள்ளே தள்ளிவிடுவது அவன். "கொடு தம்பி" என்றால் தள்ள வேண்டும். "இரு" என்றால் நிறுத்த வேண்டும். சுருளில் முறுக்கு விழுந்துவிட்டால் "அண்ணே, பொறுங்கண்ணே" என்று இவன்தான் குரல் கொடுக்க வேண்டும். வயர் எங்கே தடுக்கிறது என்பது பல சமயம் இழுக்கிறவரைவிடக் கொடுக்கிறவனுக்கு முதலில் தெரியும்.

அந்தத் தம்பியைத்தான் இப்போது காணவில்லை. புதுக் கட்டடம் என்றால் நாலைந்து பேர் கொண்ட குழு வரும். அங்கே பிரச்சினை இல்லை. "ஒரு ஏசி பாயிண்ட் போடணும்", "ஹால் ஃபேன் லைன் போயிடுச்சு" என்று கூப்பிடுகிற இடங்களில்தான் எலக்ட்ரீஷியன் தனியாக வந்து நிற்கிறார். இரண்டு பேராக வந்தால், இரண்டாவது ஆள் எதற்கு என்று வீட்டுக்காரர் வாய்விட்டுக் கேட்பதில்லை. கூலி பேசும்போது அது முகத்தில் தெரியும். இளைஞர்களுக்கும் பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தால் அன்றன்றைக்குக் காசு கிடைத்துவிடுகிறது. வயர் கொடுத்துக்கொண்டு ஏன் உட்கார வேண்டும்?

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் மின்கம்பியாளர் உதவியாளருக்கென்றே அரசு தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. அதை எழுதவே 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்; வயரிங் தொழிலில் 5 ஆண்டு செய்முறை அனுபவம் இருக்க வேண்டும். அரசாங்கக் கணக்கில் அவர் தேர்ந்த தொழிலாளி. நம் வீட்டுக் கணக்கில் 'சும்மா கூட வந்த பையன்'.

சும்மா கூட வந்தவன் என்ன செய்கிறான் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கயிற்றை ஒரு தூணில் சுற்றிவிட்டால் பெரிய கப்பலையும் ஒரே ஆள் பிடித்து நிறுத்த முடிவது எப்படி என்பதை கணித அறிஞர் ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து சூத்திரமாக்கினார். வளைவில் உரசிப் போகிற கயிற்றின் இழுவிசை, வளைவு கூடக் கூடப் பெருக்கல் கணக்கில் ஏறும். துறைமுகத்தில் நன்மையாக இருப்பது பைப்புக்குள் தொல்லையாகிவிடுகிறது. பிவிசி பைப்பில் காய்ந்த வயர் ஓடும்போது, ஒரு செங்கோண பெண்டு இழுவிசையை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு பெண்டு என்றால் நாலு மடங்கு. நாலு பெண்டு என்றால் 16 மடங்கு. அமெரிக்க மின் விதிகள் வயர் இழுக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே மொத்தம் 360 பாகைக்குமேல், அதாவது நாலு கால்வட்ட வளைவுக்குமேல் கூடாது என்று நிறுத்தியிருப்பதன் காரணம் இந்தக் கணக்கில் தெரிகிறது.

பெருக்கல் எதை வைத்துத் தொடங்குகிறது என்பதுதான் விஷயம். சுருள் ஒரு கிலோ எடைக்கு முரண்டு பிடித்தால், நாலு பெண்டு தாண்டி இழுக்கிறவர் கையில் அது 16 கிலோ. ஹெல்பர் அந்த ஒரு கிலோவைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, வயரைத் தளர்வாக உள்ளே தள்ளினால், பெருக்குவதற்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. செப்பு வயரைச் சதுர மில்லிமீட்டருக்கு 50 நியூட்டன், ஏறத்தாழ 5 கிலோவுக்குமேல் இழுக்கக் கூடாது என்பது கேபிள் கம்பெனிகள் வழக்கமாகத் தரும் வரம்பு. அதன்படி லைட் பாயிண்ட்டுக்குப் போகிற ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயர் தாங்குவது ஏழரை கிலோதான். இழுத்து முடித்த வயர் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே செம்பு நீண்டு மெலிந்ததோ, பெண்டில் உறை சுரண்டிக்கொண்டதோ சுவருக்கு மட்டும் தெரியும்.

ஆகவே தனியாள் கருவி என்று கடையிலும் விளம்பரத்திலும் காட்டுகிறவற்றை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். இழுப்பதற்கு வலு கூட்டுகிறவை ஒரு வகை: டிரில்லில் மாட்டிச் சுற்றும் கப்பிகள், சிறிய வின்ச்சுகள். தொழிற்சாலையில் கட்டைவிரல் பருமன் கேபிள் இழுக்க அவை வேண்டும். வீட்டு வயரிங்கில் அவற்றை நம்ப மாட்டேன். மறுமுனையில் ஆள் இல்லாதபோது இழுப்பு எவ்வளவு பலமோ அவ்வளவு ஆபத்து; முறுக்கு விழுந்த வயர் பைப் வாயில் சிக்கி நின்றாலும் மோட்டார் இழுத்துக்கொண்டே இருக்கும். கொடுக்கிறவனின் வேலையைச் செய்கிற கருவிகள் இன்னொரு வகை. பார்வைக்கு அற்பமானவை. பலன் அங்கேதான்.

முதலாவது, சுருள் சுற்றும் தாங்கி. நம்மூரில் வீட்டு வயர் பெரும்பாலும் 90 மீட்டர் சுருளாக வருகிறது. அதைத் தரையில் போட்டு, மேலிருந்து வளையம் வளையமாக உருவினால், ஒவ்வொரு வளையத்துக்கும் வயரில் ஒரு முழு முறுக்கு ஏறும். பக்கத்தில் ஹெல்பர் இருந்தால் சுருளைக் கையில் மாட்டி உருட்டிக்கொண்டே கொடுப்பான், முறுக்கே வராது. ஆள் இல்லாவிட்டால் சுருளே சுழல வேண்டும். கடையில் இதற்குத் தட்டும் ஸ்டாண்டும் விற்கிறார்கள். எங்கள் பகுதி எலக்ட்ரீஷியன் ஒருவர் வாங்கவில்லை; காயில் எரிந்துபோன பழைய சீலிங் ஃபேனின் மோட்டாரை எடுத்துக்கொண்டார். சீலிங் ஃபேனில் நடுத்தண்டு நிற்கும், உடம்பு சுற்றும். தண்டைக் கீழே பார்க்கத் திருப்பி ஒரு மரப்பலகையில் இறுக்கிவிட்டு, மேலே வந்த உடம்பின்மேல் ஒரு தட்டைத் திருகிச் சுருளை வைத்துவிட்டார். பேரிங் இருப்பதால் விரலால் தொட்டாலே சுற்றுகிறது.

அதிகமாகவே சுற்றியது. மேலே இழுப்பதை நிறுத்திய பிறகும் சுருள் நிற்காமல் ஓடி, பத்துப் பன்னிரண்டு வளையம் தரையில் கொட்டிச் சிக்கியது. அதற்காகப் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை உடம்பில் உரசுகிற மாதிரி கட்டியிருக்கிறார். மிக லேசான உரசல். இழுத்தால் சுற்றும், விட்டால் நிற்கும். "இரு" என்ற சொல்லுக்கு நின்ற ஹெல்பரின் இடத்தில் இப்போது அந்த டியூப் துண்டு. இதே போல மூன்று சுருளுக்கு மூன்று ஃபேன் செய்து வைத்திருக்கிறார். எரிந்த ஃபேனுக்கா நம்மூரில் பஞ்சம்?

இரண்டாவது, பைப்பின் வாய். சுவிட்ச் பாக்ஸின் இரும்பு விளிம்பில் வயர் மடங்கி ஏறினால், முதல் பெண்டுக்கு முன்பே ஒரு பெண்டு சேர்ந்துவிடும், அதுவும் கூர்மையான பெண்டு. ஹெல்பர் தன் உள்ளங்கையை அங்கே வைத்திருப்பான். தனியாள் என்றால், பைப் வாயில் செருக ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் புனலோ சிறு உருளையோ வேண்டும். பிவிசி பைப்பையே சூடுகாட்டி வாயை விரித்து, நீளவாக்கில் வெட்டி, வேலை முடிந்ததும் கழற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. மூன்றாவது, கண். பழைய செல்ஃபோன் ஒன்றைச் சுருள் பக்கத்தில் சாய்த்துவைத்து வீடியோ கால் போட்டுவிட்டு, கையிலிருக்கும் ஃபோனில் பார்த்துக்கொண்டே இழுக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கீழே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மாடியேறுவதுதான் தனியாளின் பாதி நேரத்தைத் தின்கிறது.

உராய்வைக் குறைக்கப் பல பேர் பையில் ஒரு முகப்பவுடர் டப்பா இருக்கும். நல்லது. எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். அது நாளடைவில் பிவிசி உறையைக் கெடுக்கும்.

வீடியோக்களில் அமெரிக்க எலக்ட்ரீஷியன்கள் காட்டும் சில கருவிகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டியதில்லை. சங்கிலி நுனியைச் சுவருக்குள் இறக்கி, வெளியிலிருந்து காந்தத்தால் இழுத்து வருகிறார்கள், அழகான காட்சி. அவர்கள் சுவர் மரச்சட்டத்தின்மேல் ஜிப்சம் பலகை அடித்தது, உள்ளே வெற்றிடம். நம்முடையது செங்கல்லும் பூச்சும். காந்தத்தை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரலாம். ஃபால்ஸ் சீலிங் போட்ட வீடுகளில் மட்டும் அவர்களுடைய ஃபைபர் கழிகளுக்கு வேலை உண்டு. நுனியில் கொக்கி வைத்து ஒன்றோடொன்று திருகி நீட்டிக்கொண்டே போகலாம்; அறையின் அந்தக் கோடிவரை ஏணியை நகர்த்தாமல் வயரைக் கொண்டுபோய்விடலாம்.

இழுப்பதற்கு முன் ஒரு நூலாவது பைப்புக்குள் போயாக வேண்டுமே. வழக்கமாக நைலான் ஸ்பிரிங்கை விட்டுத் துழாவுவார்கள். பெண்டு அதிகமானால் அது வளைந்து நின்றுவிடும். இந்தப் பக்கம் ஒருவர் தள்ள, அந்தப் பக்கம் ஒருவர் கம்பி விட்டுக் கொக்கி போட வேண்டி வரும். தனியாளுக்கு இங்கே காற்றைவிட நல்ல துணை இல்லை. பாலித்தீன் பையில் சிறு துண்டு கிழித்து, மெல்லிய நைலான் நூலின் நுனியில் கட்டி, பைப்பில் செருகிவிட்டு, மறுமுனையில் வேக்குவம் கிளீனரை வைத்தால் நூல் பறந்து வந்து சேரும். நடுவில் உள்ள ஜங்ஷன் பாக்ஸ்களின் மற்ற வாய்களைத் துணியால் அடைக்க மறக்கக் கூடாது. காற்று அந்த வழியே போய்விடும். நூலில் கயிறு, கயிற்றில் வயர் என்று ஏற்றிக்கொள்ளலாம்.

இந்தச் சிக்கல் பெரிய இடங்களுக்கும் வந்திருக்கிறது. அமெரிக்காவின் ஃபெர்மிலாப் அணுத்துகள் ஆய்வகத்தில், 1971-இல் 300 அடி நீளக் குழாய்களின் உட்புறத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. விஞ்ஞானிகள் ஃபெரட் என்ற, கீரி மாதிரியான பிராணி ஒன்றை வாங்கினார்கள். பெயர் ஃபெலிசியா. கழுத்துப்பட்டையில் நூல் கட்டி விட்டால் குழாய்க்குள் ஓடி மறுபக்கம் வந்துவிடும். அந்த நூலில் துடைக்கும் துணியைக் கட்டி இழுத்தார்கள். உள்ளே அசிங்கம் செய்துவிடாமல் இருக்க டயப்பரும் கட்டிவிட்டார்கள். நான்கு மைல் சுற்றளவுள்ள பிரதான வளையத்துக்குள் போகச் சொன்னபோது மட்டும் ஃபெலிசியா மறுத்துவிட்டது. தன் வேலையின் எல்லை தெரிந்த உதவியாளர்.

வீடு கட்டுகிறவர்கள் கவனத்துக்கு ஒன்று. பத்து வருடம் கழித்துத் தனியாக வரப்போகும் எலக்ட்ரீஷியனின் கஷ்டமெல்லாம் கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. கம்பிக் கட்டுக்குள் பைப் பரப்பியபின் அதன்மேல் பாண்டுச் சட்டியோடு நடக்கிறார்கள். பைப் நசுங்குகிறது, பெண்டு கழல்கிறது, சிமெண்டுப் பால் உள்ளே இறங்கி இறுகுகிறது. அன்றைக்கு எலக்ட்ரீஷியனின் ஆள் ஒருவர் மேலே நின்றாக வேண்டும். குறுகிய பெண்டுக்குப் பதில் நீண்ட வளைவுள்ள பெண்டு கேளுங்கள். வயர் இழுக்கும்போது கூடவே ஒரு நைலான் நூலையும் இழுத்து, இரண்டு பாக்ஸிலும் முடிச்சுப் போட்டு விடச் சொல்லுங்கள். அடுத்து வருகிறவருக்கு ஃபெலிசியாவும் வேண்டாம், வேக்குவமும் வேண்டாம்.

எந்தக் கருவியும் ஈடுகட்டாத வேலை ஒன்றும் ஹெல்பரிடம் இருந்தது. மெயின் சுவிட்சுக்குக் காவல். மாடியில் ஒருவர் கையை பாக்ஸுக்குள் விட்டிருக்க, கீழே வெளியிலிருந்து வந்த யாரோ "ட்ரிப் ஆயிருக்கு போல" என்று நல்லெண்ணத்தில் தூக்கிவிடுவார்கள். பழைய வயர்மேன்கள் பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏணி ஏறுவார்கள். எம்சிபியைப் பையில் போட முடியாது. அதன் நெம்பில் மாட்டிப் பூட்டுகிற சின்ன கிளிப் கிடைக்கிறது, வாங்கிவைத்திருப்பவர் குறைவு. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும் என்பது இன்னொரு கண்ணி. அதையும் நிறுத்திவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இரும்பு ஸ்பிரிங்கை கரண்ட் உள்ள டி.பி. பாக்ஸை, அதாவது மின்பகிர்வுப் பெட்டியை நோக்கித் தள்ளுவது தனியாளாக இருக்கும்போது செய்யவே கூடாதது.

அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் தனியாக வந்து, நீங்களும் உதவியே தீருவேன் என்று நின்றால், வயரைத் தொட வேண்டாம். மெயின் சுவிட்ச் பக்கத்தில் நாற்காலி போட்டு, அவர் இறங்கி வரும்வரை பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.