அடுக்களை அறிவு: ஓவன் முதலில் சூடேறட்டும்



சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரம், போடிமெட்டுக்கு அருகே ஏலத்தோட்டத்தில் வாழும் என் தங்கையின் இல்லத்தில் கேக் செய்ய முனைந்தேன். பத்து முட்டை, அரைக் கிலோ வெண்ணெய், தோட்டத்திலேயே விளைந்த ஏலக்காய் எல்லாம் சேர்த்தாயிற்று. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, குளிர்ந்திருந்த ஓவனிலேயே மாவுப் பாத்திரத்தை வைத்துச் சுவிட்சைப் போட்டேன். ஒரு மணி நேரங் கழித்துக் கிடைத்தது, நடுவில் குழிந்து, அடியில் வெண்ணெய் கசிந்து, களி போன்றதொரு பண்டம். குழந்தைகள் முகம் சுளிக்காமல் தின்றனர். அதுதான் எனக்கு அதிக வருத்தம்.

பிழை எங்கே? பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வாயுவை வெளியிடத் தொடங்குகிறது. அவ்வாயு மாவை உப்பச் செய்யும் வேளையில் முட்டையும் மாவும் இறுகி அதைச் சிறைப்படுத்த வேண்டும். ஓவன் மெல்லச் சூடேறினால், மாவு இறுகுமுன் வெண்ணெய் உருகிவிடுகிறது, வாயுவும் தப்பிவிடுகிறது. நம் பாட்டிமார் மணல் பரப்பிய பாத்திரத்தில், மேலும் கீழும் தணலிட்டுக் கேக் சுட்ட நாளிலும் மணலைக் காயவைத்த பின்னரே மாவை உள்ளே வைத்தனர்.

ஏலக்காய் ஸ்டோரிலோ இதற்கு நேர்மாறு. பறித்த பச்சைக் காயை 45 முதல் 55 பாகை வரையுள்ள இளஞ்சூட்டில் ஏறத்தாழ ஒரு நாள் உலர்த்துகின்றனர். சூடு மிஞ்சினால் பச்சை நிறமும் மணமும் கெடும். ஏலத்துக்கு இளஞ்சூடு, கேக்குக்கோ தொடக்கத்திலேயே முழுச்சூடு.

ஆகவே, மாவைக் கலக்குமுன் ஓவனை 180 பாகைக்குத் திருப்பி வையுங்கள். பொதுவாகப் பதினைந்து நிமிடம் போதும். சூடு எட்டியதும் அணையும் விளக்கு இருப்பின் அதையே நம்புங்கள். இல்லையேல் ஓவனுக்குரிய வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். பேக்கிங் பவுடர் கலந்த மாவைக் காத்திருக்க விடாதீர்கள். பாத்திரத்தை வைத்ததும் கதவை விரைந்து மூடி, முதல் இருபத்தைந்து நிமிடம் திறவாதிருங்கள்.

மின்னழுத்தம் குறையும் ஊர்களில் கடிகாரத்தை நம்புதல் தகாது. 230 வோல்ட்டில் 1,500 வாட் தரும் ஓவன், 180 வோல்ட்டில் ஏறத்தாழ 920 வாட் மட்டுமே தரும். அங்கே சூடேற இன்னும் நெடுநேரம் பிடிக்கும்.

மலைவாசிகளுக்கு மேலும் ஒரு சொல். நாலாயிரம் அடிக்கு மேல் காற்றழுத்தம் குறைவு. நீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடும். வாயு அதிகமாக விரிவதால் கேக் விரைவில் எழும்பி, பின் அமிழ்ந்துவிடும். சமவெளிக்கென எழுதிய அளவில் பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைத்து, சூட்டைப் பத்துப் பாகை கூட்டுங்கள்.

நான் மிச்சப்படுத்த எண்ணிய மின்சாரத்தைப் பின்னர் கணக்கிட்டேன். 1,500 வாட் ஓவனுக்குப் பதினைந்து நிமிடத்தில் ஆவது அரை யூனிட்டுக்கும் குறைவே! அதற்காகப் பத்து முட்டையையும் அரைக் கிலோ வெண்ணெயையும் இழந்தேன்.

இவ்வாண்டு உயிர்ப்பு விழாவுக்கு அதே அடுக்களையில், ஓவனை முன்கூட்டியே காயவைத்து மீண்டும் செய்தேன். கேக் நன்கு எழும்பிற்று. குழந்தைகள் இரண்டாம் துண்டு கேட்டனர்.