பதினைந்து இதழ் இருந்தால் கள்ளக் காசா?

பத்து ரூபாய்க் காசை நீட்டினால் சில கடைகளில் இன்றும் ஒரு சோதனை நடக்கிறது. கடைக்காரர் காசை வெளிச்சத்தில் பிடித்து, மேலே விரிந்திருக்கும் இதழ்களை எண்ணுவார். பத்து இருந்தால் கல்லாவுக்குள் போகும். பதினைந்து இருந்தால், "வேற காசு இருந்தா குடுங்க சார்." சில ஊர்களில் எண்ணுகிற சிரமம்கூட இல்லை, பத்து ரூபாய்க் காசு என்றாலே வாங்க மாட்டார்கள். இந்த இதழ்க் கணக்கோடு காந்தம், தராசு, சத்தம் என்று வீட்டுச் சோதனைகளும் வாட்ஸாப்பில் சுற்றுகின்றன. இவற்றில் சிக்குவது பெரும்பாலும் கள்ளக் காசு அல்ல, பழக்கமில்லாத நல்ல காசு.

முதலில் இதழ். ரூபாய்க்கென்று தனிக் குறியீடு ஒன்றை மத்திய அமைச்சரவை ஏற்றது 2010 ஜூலையில். அது காசுகளில் ஏறியது 2011இல். குறியீடு வருவதற்கு முந்தைய வடிவத்தில் பதினைந்து இதழ், குறியீடு வந்த வடிவத்தில் பத்து. விஷயம் இவ்வளவுதான். இரண்டும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2016 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. வதந்தி அடங்காததால் 2018 ஜனவரி 17 அன்று மறுபடியும் ஓர் அறிக்கை விட்டது: அதுவரை வந்த பத்து ரூபாய்க் காசுகள் 14 வடிவங்கள், பதினான்கும் செல்லும். அம்பேத்கரின் 125ஆம் பிறந்த ஆண்டுக்காக வந்த காசும் பத்து ரூபாய்தான். 2019 வரிசைக் காசில் இதழே கிடையாது, தானியக் கதிர்தான் இருக்கிறது. இதழை எண்ணிப் பழகியவர் அதைக் கையில் வாங்கி எதை எண்ணுவார்?

"ஒரே மதிப்புக்கு எதற்கு இத்தனை அச்சு, அதுவே சந்தேகமாக இல்லையா?" என்று கேட்கிறார்கள். நோட்டு சில வருடங்களில் கிழிந்து திரும்பிப் போய்விடும். காசு பல பத்தாண்டு கைமாறும். புது வடிவம் வந்தபின்னும் பழையது ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஐந்து ரூபாயில் அண்ணா நூற்றாண்டுக் காசு அவருடைய தமிழ்க் கையெழுத்தோடு வந்தது. அதை யாரும் கள்ளக் காசு என்று சொல்லக் காணோம்.

அடுத்தது காந்தம். "ஒட்டினால் போலி" என்பார்கள், "ஒட்டாவிட்டால் போலி" என்பவர்களும் உண்டு. கையிலுள்ள ஐந்து ரூபாய்க் காசுகளைக் கொட்டிக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். செம்பும் நிக்கலும் கலந்த பழைய தடித்த காசு ஒட்டாது. 2007 வாக்கில் வந்த துருப்பிடிக்காத எஃகுக் காசு ஒட்டும், ஏனென்றால் அதில் 83 சதவீதம் இரும்பு, மீதி குரோமியம். அதற்குப் பின் வந்த மஞ்சள் நிறக் காசு மறுபடியும் ஒட்டாது. மூன்றும் அரசு நாணயச் சாலைகளில் அடித்தவை. காசில் இரும்பு இருக்கிறதா என்பதை மட்டுமே காந்தம் சொல்லும்.

தராசு இதைவிட மேல். ஆனால் எதை எதோடு நிறுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய தடித்த ஐந்து ரூபாய் 9 கிராம், 2007 வாக்கில் வந்த எஃகுக் காசு 6 கிராம். எடை குறைந்ததால் போலி என்று முடிவு கட்டினால் நல்ல காசுதான் குப்பைக்குப் போகும். 2011க்கு முந்தைய எஃகு ஒரு ரூபாயும் 2011இல் வந்த இரண்டு ரூபாயும் ஒரே எடை, ஒரே அகலம்: 4.85 கிராம், 25 மில்லிமீட்டர். இருட்டில் சில்லறை வாங்கி ஏமாந்தவர்களுக்கு இது புரியும்.

சத்தம் வெள்ளி ரூபாய் காலத்துச் சோதனை. ஒரே உலோகத்தில் அடித்த காசைச் சுண்டினால் கணீரென்று கேட்கும். பத்து ரூபாய்க் காசிலோ வெளி வளையம் ஒரு கலவை, நடுவட்டு வேறொரு கலவை, இரண்டையும் அழுத்திப் பொருத்தியிருக்கிறார்கள். அதனால் நல்ல காசும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

அப்படியானால் கள்ளக் காசே இல்லையா? இருக்கிறது. 2016இல் டெல்லி போலீஸ் ஐந்து, பத்து ரூபாய்க் காசு அடித்த பட்டறையையே பிடித்தது. சந்தேகம் வந்தால் அதே வடிவத்தில், முடிந்தால் அதே ஆண்டில் வந்த இன்னொரு காசைப் பக்கத்தில் வைத்து ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். வார்ப்பில் செய்த காசில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிக்குத்து போலச் சிறு குழிகள் தெரியும், விளிம்பில் வார்ப்புக் கோடு ஓடலாம். பத்து ரூபாயில் வளையமும் நடுவட்டும் சேரும் இடத்தைப் பாருங்கள், அங்கே இடைவெளியோ பிசிறோ இருக்கக் கூடாது. சிங்க முகம் நிமிர்ந்திருக்கும்படி பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபுறமும் நிமிர்ந்தே வர வேண்டும். ரூபாய்க் குறியீடு உள்ள பத்து ரூபாய் 27 மில்லிமீட்டர் அகலம், 7.71 கிராம். நகை நிறுக்கும் சின்னத் தராசு போதும். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். நாணயச் சாலையிலேயே அச்சு பிசகிய நல்ல காசுகளும் உண்டு, அவற்றைச் சேகரிப்பவர்கள் கூடுதல் விலைக்குத் தேடுகிறார்கள். அதனால் ஒரே ஒரு குறையை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

பல குறைகள் சேர்ந்து தெரிந்தால் காசை வங்கிக் கிளையில் காட்டுங்கள். கள்ளக் காசு என்று தெரிந்தே நல்ல காசாகத் தள்ளிவிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 179ஆம் பிரிவின்படி குற்றம். கோயில் உண்டியலில் போட்டுவிடலாமே என்று யோசிப்பவர்களும் இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.