மூன்று நாள் சோறு போதுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை அந்த மக்கள் இன்னும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையை விட அதிகமாக ஒரே நாளில் பெய்தது. தாமிரபரணி கரை கடந்து ஓடியது. குளங்கள் உடைந்தன. ரோடும் ரயில் பாதையும் அறுந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாட்கள் அங்கேயே தவித்தார்கள்.

அந்தப் பயணிகளுக்கு முதல் சோற்றை ஆக்கிப் போட்டது யார்? பக்கத்துக் கிராமத்து மக்கள்! தங்கள் வீடுகளிலும் தண்ணீர் புகுந்திருந்த நிலையில் இருந்ததைப் போட்டுப் பொங்கினார்கள். ஹெலிகாப்டர் பிறகுதான் வந்தது.

இதில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது. பேரிடர் வந்த முதல் 24 மணி நேரத்தில் அரசாங்கம் வராது, வர முடியாது. வெளியூர் லாரியும் வராது. பக்கத்து வீட்டுக்காரன்தான் வருவான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் தயாராக இருக்கிறானா என்பதுதான் கேள்வி.

உதவி செய்வதில் நம் சமுதாயம் பின்தங்கியது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டபோது, நாகூரில் பிணங்களை எடுத்து அடக்கம் செய்தவர்கள் இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்று பார்க்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பள்ளிவாசல்கள் எல்லா மக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. கொரோனா காலத்தில் பெற்ற பிள்ளைகளே தொட அஞ்சிய உடல்களை நம் இளைஞர்கள் சுமந்தார்கள். அவரவர் மத முறைப்படி புதைக்கவும் எரிக்கவும் துணை நின்றார்கள். நம்மைத் தூற்றியவர்கள் கூட அன்று வாய் மூடி நின்றார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் சகோதரர்களே, நம்மை நாமே சில கேள்விகள் கேட்டாக வேண்டும்.

மூன்று நாள் பொட்டலச் சோறு கொடுத்துவிட்டு நான்காம் நாள் நாம் எங்கே போகிறோம்? மெயின் ரோட்டு ஓரத்தில் இருக்கும் தெருவுக்கு ஐந்து லாரி வருகிறது. உள்ளே தள்ளி இருக்கும் குடிசைப் பகுதிக்கு ஒன்றும் போவதில்லை. ஏன்? சுனாமியின்போது நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணிகள் மலைபோல் குவிந்து கிடந்ததை நாடே பார்த்தது. மீனவப் பெண்களுக்கு வேண்டியது யாரோ உடுத்திக் கழித்த துணியா? கேட்காமல் கொடுக்கும் உதவி, கொடுப்பவனின் மனதுக்குத் திருப்தி தரலாம். வாங்குபவனின் மானத்தைக் காப்பாற்றாது.

பேனரைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கும் பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோ அரிசிக்கு ஆறு பேர் நின்று படம் எடுத்தால், வாங்குகிற தாயின் முகம் எந்தப் பக்கம் திரும்பும்?

இனி நம் வியாபாரிகள் விஷயத்துக்கு வருவோம். வெள்ளத்தில் வீடு இழந்தவனைப் பார்த்து எல்லோரும் இரக்கப்படுகிறார்கள். கடை இழந்தவனைப் பார்த்து யாரும் இரக்கப்படுவதில்லை. "அவன் முதலாளி, சமாளித்துக்கொள்வான்" என்று சொல்லிவிடுகிறார்கள். 2023 வெள்ளத்தில் ஏரல் கடைவீதி என்ன பாடுபட்டது? ஜவுளி, மளிகை, பாத்திரம், மருந்து என்று எல்லாச் சரக்கும் சேற்றோடு சேறாகிப் போனது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட தாலுகாக்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஒரு குடும்பத்துக்கு அது ஆறுதல். ஆனால் பல லட்சம் ரூபாய் சரக்கைக் கடனுக்கு வாங்கி அடுக்கி வைத்திருந்த சிறு வியாபாரிக்கு அது எந்த மூலைக்கு?

அவன் அடுத்து எங்கே போவான்? வட்டிக்காரனிடம் போவான்! வெள்ளம் மூன்று நாளில் வடிந்துவிடும். வட்டி வடியாது. மீட்டர் வட்டியிலும் கந்து வட்டியிலும் மாட்டிக்கொண்டவன் கடையை மட்டுமா இழக்கிறான்? மகளின் நகை போகும். மகனின் படிப்பு போகும். வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்குகிறோம். சரிதான். வட்டிக்குப் போகாமலிருக்க அவனுக்கு வேறு என்ன வாசலைத் திறந்து வைத்தோம்?

கலவரத்துக்கும் இதே கதைதான். 1997 நவம்பர் இறுதியில் கோவையில் நடந்த வெறியாட்டத்தில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். கடைகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. 1998 பிப்ரவரி 14 அன்று நடந்த குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் போயின. அதன் பிறகு அந்த நகரத்தில் நம் வணிகமும் நிம்மதியும் எத்தனை ஆண்டுகள் முடங்கிக் கிடந்தன என்பதை அங்குள்ள பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பழிவாங்கல் எரிந்த கடை ஒன்றைக் கூடத் திறந்து கொடுக்கவில்லை. இருந்த கடைகளையும் மூடவைத்தது. எரிந்த கடையைத் திறந்து கொடுப்பது பணமும் பத்திரமும் வழக்குரைஞரும் பக்கத்துக் கடைக்காரரின் சாட்சியும்தான்.

கடலுக்கு அப்பால் பாருங்கள். 1990 அக்டோபரில் இலங்கையின் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம்! ஐந்து மாவட்டங்களிலிருந்து சுமார் 75,000 பேர் கட்டிய துணியோடு வந்தார்கள். பெரும்பாலோரைத் தாங்கிக்கொண்டது புத்தளம். அந்த ஊர் மக்கள் வீட்டையும் பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் திறந்துவிட்டு அகதிகளை அரவணைத்தார்கள். ஆனால் சில வாரங்களுக்கென்று வந்தவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருக்க நேர்ந்தது. தண்ணீருக்கும் வேலைக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் ஊராருக்கும் வந்தவர்களுக்கும் உரசல் வந்தது. 2009ல் போர் முடிந்த பிறகு திரும்பிப் போனவர்களில் பலர், நிலத்தையும் வீட்டையும் தங்களுடையது என்று நிரூபிக்கக் காகிதம் இல்லாமல் அலைந்தார்கள். ஒரு காகிதம் இல்லாததால் தலைமுறைச் சொத்து போகும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

நம்பிக்கை தரும் உதாரணமும் உண்டு. அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தில் 1970 நவம்பர் 12 இரவு அடித்த புயலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுதந்திரம் பெற்ற அந்த ஏழை நாடு 1972ல் செஞ்சிலுவை அமைப்போடு சேர்ந்து புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1991 ஏப்ரல் 29 புயலில் மீண்டும் சுமார் 1,38,000 பேர் பலியானார்கள். அவர்கள் சோர்ந்துவிடவில்லை. கூடுதலாகப் புயல் காப்பகங்கள் கட்டினார்கள். கிராமம் கிராமமாகத் தொண்டர்களைப் பழக்கினார்கள். இன்று அந்தத் திட்டத்தில் சுமார் 76,000 தொண்டர்கள். அதில் பாதிப் பேர் பெண்கள். 2007ல் வந்த சிடர் புயலில் பலி சுமார் 3,400. 2020ல் ஆம்பன் புயலுக்கு முன் 20 லட்சத்துக்கும் அதிகமானோரை இடம் மாற்றினார்கள்; அங்கு உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. கடல் மாறவில்லை, காற்றும் மாறவில்லை. மக்கள் மாறினார்கள். பணக்கார நாடாக மாறிய பிறகுதான் இதெல்லாம் முடியும் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு பதிவேடு. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், யாருக்கு டயாலிசிஸ், யார் தனியாக வாழும் விதவை என்று எழுதி வைக்க வேண்டும். மாற்று மதத்து அண்டை வீடுகளும் அதில் இருக்க வேண்டும். தாழ்வான தெரு எது, மாடிக் கட்டடம் எது, படகும் ஜெனரேட்டரும் யாரிடம் இருக்கிறது என்பதும் அதில் வேண்டும். பெண்கள் இல்லாமல் இந்தப் பதிவேடு முழுமையாகாது. வீட்டுக்குள் இருக்கும் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, இளைஞர்களுக்குப் பயிற்சி. ஆர்வம் மட்டும் இருந்து நீச்சலும் முதலுதவியும் தெரியாமல் வெள்ளத்தில் குதித்தால், காப்பாற்றப் போனவனையும் சேர்த்துத் தேட வேண்டிவரும். மத்திய அரசின் 'ஆப்த மித்ரா' திட்டம் 2021ல் விரிவாக்கப்பட்டு, 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தொண்டர்களுக்குப் பயிற்சி என்று அறிவிக்கப்பட்டது. அதில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? இப்படிப்பட்ட பயிற்சிகள் எங்கே, எப்போது நடக்கின்றன என்று கலெக்டர் அலுவலகத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

மூன்றாவது, பைத்துல்மாலில் ஒரு அவசர நிதி. வெள்ளம் வந்த பிறகு துண்டு ஏந்துவது ஒரு முறை. வருமுன் சேர்த்து வைப்பது வேறு முறை. யூசுஃப் நபி அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைச் சேமிக்க வைத்துத்தான் பஞ்சமான ஏழு ஆண்டுகளில் ஒரு நாட்டையே காப்பாற்றினார்கள். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடன்பட்டோரும் ஒரு வகையினர். சரக்கை இழந்து கடனில் மூழ்கிய வியாபாரி அந்த வகையில் வரமாட்டாரா? வட்டியில்லாக் கடன் கொடுத்து மறுபடி கடை திறக்க வைத்தால், அடுத்த ஆண்டு அவரே ஜகாத் கொடுப்பவராக மாறுவார். எல்லா மதத்தவருக்குமான பொது நிவாரணத்துக்கு ஸதகா இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. ஆண்டுதோறும் ஆடிட்டர் கையெழுத்து. பள்ளிவாசல் பலகையில் வரவு செலவு. கணக்குக் காட்டாத நிதி இரண்டாம் முறை சேராது!

நான்காவது, வியாபாரிகள் தாங்களே செய்ய வேண்டியது. சரக்கிருப்புப் பதிவேடு, கொள்முதல் பில், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் கடைக்குள் மட்டும் இருந்தால் கடையோடு சேர்ந்து போகும். வீட்டில் ஒரு பிரதி, வெளியூர் உறவினரிடம் ஒரு பிரதி, செல்போனில் ஒரு படம் இருக்கட்டும். இன்ஷூரன்ஸ் கூடுமா என்ற கேள்வி நம்மிடையே உண்டு. அதை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் வங்கிக் கடன் வாங்கிய பலருக்கு வங்கியே பாலிசி எடுத்திருக்கிறது. அதில் வெள்ளமும் கலவரமும் சேர்ந்திருக்கிறதா, குடோன் முகவரி எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கூடாது என்பவர்கள் மாற்று வழியைக் காட்ட வேண்டும். மலேசியாவில் 1984லேயே தகாஃபுல் சட்டம் வந்துவிட்டது. ஒரு கடைவீதியில் நூறு கடைக்காரர்கள் மாதம் ஐநூறு ரூபாய் போட்டால் ஆண்டுக்கு ஆறு லட்சம். ஒருவருக்கொருவர் தோள் கொடுக்க இது போதாதா?

ஐந்தாவது, போட்டி வேண்டாம். ஊரில் நான்கு அமைப்பு இருந்தால் நான்கு தெருவைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவுக்கு நான்கு கொடி வேண்டாம். கோயில் நிர்வாகியும் சர்ச் பாதிரியாரும் வணிகர் சங்கத் தலைவரும் வெள்ளம் வருவதற்கு முன்பே நமக்கு அறிமுகமானவர்களாக இருக்கட்டும். சாதாரண நாளில் ஸலாமும் வணக்கமும் சொல்லிப் பழகியவர்கள்தான் வதந்தி பரவும் நாளில் ஒருவர் வாசலில் ஒருவர் காவல் நிற்பார்கள்.

இதெல்லாம் பெரிய மாநாடு போட்டுச் செய்ய வேண்டிய வேலை அல்ல. வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வருகிறது. அதற்கு முன் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பத்து பேர் உட்கார்ந்து, ஒரு நோட்டை விரித்து, முதல் தெருவிலிருந்து எழுதத் தொடங்கினால் போதும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் நமக்குச் சொல்லப்பட்ட வழி. கயிறு நம் கையில்தான் இருக்கிறது. கட்டுவோமா?