பெயரைவிட எண் முக்கியம்



தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் குடியேறிய தமிழ் முன்னோரைத் தேடுகிறவர்களில் பலர் பெயரையே பிடித்துக்கொண்டு அலைகிறார்கள். பிடிக்க வேண்டியது எண்ணை. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அன்றிலிருந்து 1911 வரை வந்த சுமார் 1,52,000 ஒப்பந்தத் தொழிலாளர்களும் எண்ணிட்டே பதியப்பட்டார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பிலுள்ள தழும்புகூட ஒரே வரியில் கிடக்கும். முனுசாமிகள் எத்தனையோ பேர். அந்தத் தகப்பனும் அந்தத் தழும்பும் உள்ள முனுசாமி ஒருவர்தான்.

எழுத்தர்கள் ஊர்ப் பெயர்களைச் சிதைத்துவிட்டார்களே, அந்த வரியை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் நிலப் பத்திரம் போன்ற இரண்டாவது ஆவணம் ஒன்றும் வேண்டும் என்கிறேன். ஒப்பந்தம் முடிந்து நிலம் வாங்கியவர் சிலரே என்பதும் சரி. ஆனால் பத்திரம் இல்லாத குடும்பத்துக்கும் திருமணப் பதிவு இருக்கலாம். இறந்தவரின் சொத்துக் கோப்பு பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருந்தால், மனைவி மக்கள் பெயர்கள் அதில் வரும். தகப்பன் பெயரே குடும்பப் பெயராக மாறிப்போன வீடுகளில் இந்தக் கோப்புதான் முடிச்சை அவிழ்க்கும். பாட்டி சொன்ன கதையை ஒதுக்க வேண்டாம். எந்த ஜில்லாவில் தேடுவது என்று அது காட்டும். சாட்சியாக மட்டும் அதைக் கொள்ளக் கூடாது.

– ஒரு வாசகர்