கன்றும் பட்டாணியும் சொல்லும் சாட்சியம்

இறைச்சியோடு பச்சைப் பட்டாணியைச் சேர்த்துச் சமைப்பது நம் இல்லங்களில் புதிதன்று. கைமாவும் பட்டாணியும் ஒரே சட்டியில் வேகும்போது, அவ்விரண்டிற்கும் இடையே ஏதேனும் உறவு உண்டா என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்று நான்கு கால்களில் நடந்த பிராணியின் தசை. மற்றொன்று கொடியில் காய்த்த வித்து. ஆயினும் 1969ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில அறிஞர்கள் கன்றின் புரதம் ஒன்றையும் பட்டாணி முளையின் புரதம் ஒன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். அவர்கள் கண்ட முடிவு உயிரியல் உலகைத் திகைக்க வைத்தது. குழந்தைகளைத் தாக்கும் கொடிய மூளைக்கட்டி ஒன்றை விளங்கிக்கொள்ளவும் இன்று அந்த அறிவு துணைசெய்கிறது. வாசக சகோதர, சகோதரிகளே, இம்மாதம் அதனைக் காண்போம்.

நூலும் கண்டும்

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள டி.என்.ஏ. நூலை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்குதான். இவ்வளவு நீண்ட நூல் சிக்காமல், அறுந்துபோகாமல், வேண்டும்போது வேண்டிய இடத்தில் பிரித்துப் படிக்கும்படி அங்கே அடங்கியிருப்பது எப்படி?

தையல் இயந்திரத்தில் நூல் சுற்றி வைத்திருக்கும் சிறு கண்டை நினைத்துக்கொள்ளுங்கள். உட்கருவினுள்ளும் அத்தகைய கண்டுகள் உண்டு. ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் எட்டு சேர்ந்து ஒரு கண்டாகின்றன. டி.என்.ஏ. அதன்மேல் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றி, அடுத்த கண்டிற்குச் செல்கிறது. ஒரு மனித உயிரணுவில் இத்தகைய கண்டுகள் ஏறக்குறைய 3 கோடி.

ஹிஸ்டோனை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் கோசல். 1884ஆம் ஆண்டு, வாத்தினப் பறவையின் குருதியிலிருந்து அதனை எடுத்தார். நம் சிவப்பணுக்களில் உட்கரு இல்லை. பறவைகளின் சிவப்பணுக்களில் உண்டு. அவர் பறவையை நாடியது அதனால்தான். உயிரணு வேதியியல் ஆய்வுகளுக்காக 1910இல் அவர் நோபல் பரிசு பெற்றார். ஆனால் எட்டுப் புரதங்கள் கூடிய இந்தக் கண்டு அமைப்பை ரோஜர் கோர்ன்பர்க் 1974இல் விளக்கும்வரை, ஹிஸ்டோனின் உண்மையான பணி தெளிவாகவில்லை.

102இல் இரண்டு

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலை. எச்-4 என்ற ஹிஸ்டோனில் 102 மணிகள் உள்ளன. எமில் ஸ்மித், ராபர்ட் டிலாஞ்ச், ஜேம்ஸ் பான்னர், டக்ளஸ் ஃபாம்பரோ ஆகியோர் கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்தும் பட்டாணி முளையிலிருந்தும் இப்புரதத்தைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு மணியாக வரிசையைக் கண்டறிந்தார்கள். 102 மணிகளில் 100 ஒன்றாகவே இருந்தன! 60ஆம் இடத்திலும் 77ஆம் இடத்திலும் மட்டுமே வேறுபாடு. அங்கும் ஒரு மணிக்குப் பதில் இருந்தது, தன்மையில் அதனை ஒத்த மற்றொரு மணியே.

தாவரக் குலமும் விலங்குக் குலமும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்பது பரிணாம ஆய்வாளர்களின் கணிப்பு. அவ்வளவு காலத்தில் எச்-4இன் மரபணுவில் பிழைகளே நேரவில்லையா? நேர்ந்தன. தலைமுறைதோறும் எல்லா மரபணுக்களிலும் எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. ஆனால் இந்தப் புரதத்தில் பிழை பட்ட உயிர்கள் நிலைத்து வழிவழியாகப் பெருகவில்லை. ஆகவே, மாறாத ஒவ்வொரு மணியும் ‘இங்கே கை வைத்தால் ஆபத்து’ என்று எழுதிவைத்த எச்சரிக்கைப் பலகையாகும்.

ஹிஸ்டோன் உட்கருவைவிடவும் தொன்மையானது. ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றில் வாழும், உட்கருவே இல்லாத நுண்ணுயிர் ஒன்றில் ஹிஸ்டோன் இருப்பதை 1990இல் ஜான் ரீவ் குழுவினர் தெரிவித்தார்கள். அத்தகைய நுண்ணுயிர்களிலும் டி.என்.ஏ. ஏறக்குறைய நம்முடையதைப் போன்றே ஹிஸ்டோன்மேல் சுற்றியிருப்பதை 2017இல் கரோலின் லூகர் குழுவினர் படம்பிடித்துக் காட்டினார்கள்.

வாலின் வேலை

ஒவ்வொரு ஹிஸ்டோனுக்கும் கண்டிலிருந்து வெளியே நீண்டிருக்கும் ஒரு வால் உண்டு. அது நூலைச் சுற்றுவதற்கு அவ்வளவாகத் தேவையில்லை. பின் அதன் பயன் என்ன? 1988இல் மைக்கேல் கிரன்ஸ்டைன் குழுவினர், ஈஸ்ட் என்னும் ஒற்றை உயிரணுவில் எச்-4இன் வாலை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். ஈஸ்ட் இறக்கவில்லை. ஆனால் உறங்கிக் கிடக்க வேண்டிய மரபணுக்கள் விழித்துக்கொண்டன. எந்த மரபணு பேச வேண்டும், எது மௌனம் காக்க வேண்டும் என்ற ஒழுங்கில் வாலுக்குப் பங்குண்டு என்பது அப்போது தெளிவாயிற்று.

அந்த வால்மீது சிறு வேதி அடையாளங்களை இடும் நொதியொன்றை 1996இல் டேவிட் அல்லிஸ் குழுவினர் கண்டறிந்தார்கள். அதனை அவர்கள் எடுத்தது, குளத்து நீரில் நீந்தும் ஒற்றை உயிரணுப் பிராணியிலிருந்து. அது, மரபணுக்களை இயக்குவதாக ஈஸ்டில் முன்பே அறியப்பட்டிருந்த ஒரு புரதத்தின் உறவாக இருந்தது! மாறாத புரதத்தோடு, அதன்மீது எழுதும் எழுதுகோலும் வழிவழியாக வந்திருக்கிறது. அல்லிஸும் கிரன்ஸ்டைனும் 2018இல் லாஸ்கர் விருதைப் பெற்றார்கள். அல்லிஸ் 2023இல் காலமானார்.

27ஆம் மணி

எச்-3 என்னும் ஹிஸ்டோனின் வாலில் 27ஆம் இடத்தில் லைசின் என்ற மணி உள்ளது. அதன்மீது ‘மௌனமாயிரு’ என்னும் அடையாளம் இடப்படுவதுண்டு. கடுங்குளிர் கழிந்த பின்னரே பூக்கும் சில செடிகள், குளிர் கடந்துவிட்டதை நினைவில் வைப்பதும் இதே 27ஆம் மணியின் அடையாளத்தால்தான். கருவில் வளரும் சிசுவிலும், ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டாத மரபணுக்களை மூடிவைக்க அது பயன்படுகிறது.

2012இல், வட அமெரிக்காவில் இரு ஆய்வுக் குழுக்கள் குழந்தைகளின் மூளைத்தண்டில் தோன்றும் கட்டியொன்றின் மரபணுக்களைப் படித்தன. அறுவைக்கு இடங்கொடாத கட்டி அது. கதிர்வீச்சு சில மாதங்களே நிவாரணம் தரும். பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டளவிலேயே இறந்துவிடுவர். அக்கட்டிகளில் பத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரே பிழை காணப்பட்டது: 27ஆம் இடத்தில் லைசினுக்குப் பதில் மெத்தியோனின்! செடிக்கும் குழந்தைக்கும் பொதுவாகக் காக்கப்பட்டு வந்த மணி அது.

எச்-3 புரதத்தைத் தரும் மரபணுக்கள் நம்மிடம் பல உள்ளன. அவற்றுள் ஒன்றில் மட்டுமே பிழை. மற்றவை சரியாகவே உள்ளன. பின் ஏன் இத்தனை கேடு? பிழைபட்ட புரதம், அடையாளமிடும் நொதியையே முடக்கிவிடுகிறது என்று 2013இல் அல்லிஸ் ஆய்வுக்கூடத்தினர் காட்டினார்கள். அதனால் நல்ல புரதங்களும் தமக்குரிய அடையாளத்தை இழக்கின்றன.

நோயின் வேரை அறிந்ததால் மருந்தைத் தேட வழி பிறந்தது. சிகிச்சைக்குப் பின்னும் வளரும், இப்பிழை கொண்ட கட்டிகளுக்கான முதல் மருந்தாக டார்டாவிப்ரோனுக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. 50 பேரைக் கொண்டு கணித்தபோது, 22 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. இது நோயை முற்றாகத் தீர்க்கும் மருந்தன்று. ஆயினும் மூடியிருந்த கதவு சற்றே திறந்திருக்கிறது.

பெற்றோர் அறிய வேண்டுவது

குழந்தைக்குத் திடீரென மாறுகண், பொருள் இரண்டாகத் தெரிதல், முகம் ஒருபுறம் கோணுதல், நடையில் தள்ளாட்டம், விழுங்குவதில் சிரமம் ஆகியவை தோன்றினால், ‘தானே சரியாகும்’ என்று நாட்களைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்நோய் மிக அரிது; பெரும்பாலும் காரணம் வேறாகவே இருக்கும். எனினும் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

மற்றொன்றும் உண்டு. இத்தகைய நோய் ஒரு வீட்டில் நுழைந்துவிட்டால், தாயை நோக்கிப் பேச்சுகள் எழுவதுண்டு. கருவுற்றிருந்தபோது எதை உண்டாள், எங்கே சென்றாள், யார் வழி இரத்தம் என்றெல்லாம் கேட்பார்கள். இந்தப் பிழை பெற்றோரிடமிருந்து வருவதன்று. வளரும் குழந்தையின் ஏதோ ஓர் உயிரணுவில், அது இரண்டாகப் பிரியும் வேளையில், தானாக நேர்ந்த ஓர் எழுத்துப் பிழை. தாய் செய்ததும் அன்று, தந்தை கொடுத்ததும் அன்று. துயரில் இருக்கும் அவ்வீட்டின் படியேறிச் செல்பவர்கள் கேள்விகளை வெளியே விட்டுவிட்டு, கைகொடுக்கும் மனத்தோடு செல்லட்டும்.